கொழும்பில் எட்டுப் பேர் எழுத்துப் பட்டறை: திருகோணமலையிலிருந்து போனால் பிரயோசனம் உண்டா?

அலஸ்தோட்டத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். நான் சிறுகதை எழுதுகிறேன். சில கதைகள் ஞாயிறு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. வந்த அன்று வட்ஸ்அப்பில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வரும், அதோடு சரி. கதையை வாசித்துவிட்டு ஒரு வசனம் சொன்னவர் யாரும் இல்லை.

அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு பட்டறை நடக்கிறது. எட்டுப் பேர் மட்டும். வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் முடியும், தங்குவதும் சாப்பாடும் அதே வீட்டில். ஆளுக்கு ஒரு கதை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், 3000 சொல்லைத் தாண்டக்கூடாது. மற்ற ஏழு கதைகளையும் வாசித்து ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டு போகவேண்டும். தன் கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாதாம். இந்தக் கடைசி விதிதான் வயிற்றைக் கலக்குகிறது.

கட்டணமும் போக்குவரத்தும் சேர்ந்தால் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். ஆசிரியைச் சம்பளம் உங்களுக்குத் தெரியும்தானே. அம்மாவிடம் சொன்னேன். "எழுதுறதுக்குமா ரியூசன்?" என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டார். இப்படியான பட்டறைகளுக்குப் போனவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மூதூர்_நானா

தங்கச்சி, காசு கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நான் அனுப்பும் கதையை எல்லோரும் வாசித்துவிட்டுத்தான் வருவார்களா, அல்லது அங்கே வந்துதான் புரட்டுவார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், நானும் ஒரு "பட்டறை"க்குக் கொழும்பு போனவன்தான். மங்கள விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை. சிறப்புரைக்காரர் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் என்று ஒன்றரை மணித்தியாலம் பிடித்தார். பின்னேரம் பொன்னாடை. அதற்குப் பிறகு சான்றிதழ், குரூப் போட்டோ. பைக்குள் வைத்துக் கொண்டுபோன என் கதை பைக்குள்ளேயே திரும்பி வந்தது. அன்று அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருடைய ஒரு வரியைக்கூட இன்னொருவர் வாசிக்கவில்லை.

உங்கள் கதையை மேசையில் வைத்துப் பிரிப்பார்கள் என்றால் போங்கள். பொன்னாடை போர்த்துவார்கள் என்றால் அந்தக் காசுக்கு புத்தகம் வாங்குங்கள்.

உவர்மலை_ஓய்வூதியர்

பிள்ளை, எழுத்து என்பது சொல்லிக்கொடுத்து வருவதல்ல. எங்கள் ஊர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் மோகனாங்கி எழுதினார். தமிழில் முதலாவது வரலாற்று நாவல் என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். எந்தப் பட்டறையில் உட்கார்ந்து எழுதினார்? கவிஞர் தருமு சிவராம், பிற்காலத்தில் பிரமிள் ஆனவர், 1939இல் இதே திருகோணமலையில் பிறந்தவர். அவருக்கு யார் ஓரத்தில் குறிப்பெழுதிக் கொடுத்தது?

நல்ல புத்தகத்தை வாசி, எழுது, கிழித்துப் போடு, மறுபடி எழுது. நான் படித்த முறை இதுதான். எட்டுப் பேர் கூடி ஒரு கதையைத் திருத்தினால் எட்டுப் பேருக்கும் கோபம் வராத ஒரு கதைதான் மிஞ்சும்.

வெள்ளவத்தைத்_திருமலையான்

ஐயா, கோபிக்காதீர்கள், நீங்கள் சொன்ன இரண்டு பேருமே என் பக்கத்துச் சாட்சிகள்.

மோகனாங்கி அச்சானது சென்னையில். பிரமிள் இருபது வயதுச் சொச்சத்தில் இங்கிருந்து எழுதி அனுப்பியது சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய எழுத்து சஞ்சிகைக்கு. அந்தப் பத்திரிகை என்ன, ஒரு சின்னக் கூட்டம்தானே? ஒருவர் கவிதையை மற்றவர் வாசித்து, அடுத்த இதழில் அதைப் பற்றிச் சண்டை பிடித்த கூட்டம். அவருக்கு ஓரத்தில் குறிப்பெழுதியவர்கள் அவர்கள்தான். பிறகு ஆளே கடல் தாண்டிப் போய், 1997இல் தமிழ்நாட்டிலேயே காலமானார். எழுத்து திருகோணமலையில் பிறந்தது, சரி. வாசித்துச் சண்டை பிடிக்க ஆள் தேடித்தான் இரண்டு பேரும் வெளியே போக நேர்ந்தது.

தங்கச்சி கேட்பதும் அதைத்தான். அவர் ஆசிரியர் தேடவில்லை, வாசகர் தேடுகிறார்.

மட்டுநகர்_வாசகி

வாய் திறக்கக்கூடாது என்ற விதியைப் பற்றி ஒன்று. அது கொழும்பில் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இல் எழுத்துப் பட்டறையை ஒரு படிப்பாகவே தொடங்கியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் பிரதியை மற்றவர்கள் அலசுவதும், எழுதியவர் கேட்டுக்கொண்டிருப்பதும் அந்த வழியில்தான் உலகம் முழுக்கப் பரவியது.

அதன் நியாயம் எளிது. பத்திரிகையில் கதை வரும்போது நீங்கள் ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் "நான் சொல்லவந்தது என்னவென்றால்" என்று விளக்க முடியாது. தாளில் இருப்பது மட்டும் என்ன சொல்கிறது என்று எழுதியவருக்குக் காதால் கேட்கவைக்கிற முறை அது.

ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகை ஆட்களாகவும் எழுதியவர் மட்டும் வேறு இடத்து ஆளாகவும் இருந்தால், அந்த மௌனம் பாரமாகிவிடும். அவர்கள் உங்கள் ஊர் வழக்கத்தையே பிழை என்பார்கள், நீங்கள் தலையாட்டிக்கொண்டு இருக்கவேண்டும். அதனால் வேறு முறைகளும் வந்தன. லிஸ் லேர்மன் என்ற நடனக் கலைஞர் 1990இல் ஒரு முறை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்து படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டு.

போனால் இதைக் கேட்டுப் பாருங்கள். முழு நேரமும் மௌனம் வேண்டாம், கடைசிப் பத்து நிமிடம் எழுதியவர் கேள்வி கேட்கலாமா என்று. நல்ல நடத்துநர் என்றால் ஒத்துக்கொள்வார்.

சீனக்குடா_சந்தி

அக்கா, இலக்கியம் எனக்குத் தெரியாது. ஆனால் கோப்பு அனுப்புவது தெரியும். கதையைப் பாமினியில்தானே தட்டுகிறீர்கள்? அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். பார்க்கிறவர் கோப்பு பழுது என்று நினைத்து விட்டுவிடுவார். யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

மாற்றியபிறகு ஒருமுறை முழுதாக வாசிக்கவேண்டும். இடையில் ஆங்கிலத்தில் தட்டிய பெயரோ மருந்துச் சீட்டோ இருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துப் புரியாத தமிழாக்கிவிடும். எங்கள் பள்ளிக்கூட மலருக்கு வந்த ஒரு கதையில் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகை முழுக்க அப்படி அச்சாகிவிட்டது. நவீன உத்தி என்று ஒருவர் பாராட்டினார்.

வரிக்கு வரி இடைவெளி இரட்டிப்பாக விடுங்கள், ஓரமும் தாராளமாக. குறிப்பெழுத இடம் வேண்டும்.

அலஸ்தோட்டத்தாள்

நானா, கேட்டேன். ஏழு பேரும் கதைகளை இரண்டு கிழமைக்கு முன்பே வாங்கிவிடுவார்களாம், குறிப்பெழுதாமல் வருபவருக்கு மேசையில் இடமில்லையாம். பொன்னாடை இல்லை. சான்றிதழும் இல்லை, அது அம்மாவுக்குத்தான் ஏமாற்றம்.

தம்பி, பாமினிதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

காசு கட்டப் போகிறேன். இப்போது பயணம்தான் பேச்சு. பஸ்ஸா, ரயிலா? தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் மாமாமார் கூட்டமே கூடிவிட்டது.

வெள்ளவத்தைத்_திருமலையான்

49ஆம் நம்பர் பஸ் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வரும். வேகம்தான், ஆனால் இரவில் அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு நித்திரை கொள்ள மனத்திடம் வேண்டும். ரயில் என்றால் இரவு ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை. கல்லோயாச் சந்தியில் இழுபடும், யானைக்காக மெதுவாகப் போகும் இடங்களும் உண்டு, பரவாயில்லை. ஆசனத்தை முன்பதிவு செய்துகொண்டு ரயிலில் வாருங்கள். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கரையோர ரயிலே இருக்கிறது, ஓட்டோவுக்கு ஏன் கொட்டிக் கொடுக்கவேண்டும்.

ஒரு நாள் முந்தி வந்தால் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போய்விடுங்கள். 1942இலிருந்து இயங்கும் சங்கம், இடமும் வெள்ளவத்தைதான். பழைய சஞ்சிகைகளைப் புரட்ட ஒரு பகல் போதாது.

உவர்மலை_ஓய்வூதியர்

மாமாமாரைச் சிரிக்கவேண்டாம். அந்த வயதுக்காரருக்குக் கொழும்பில் தங்குவது என்றால் வேறு ஞாபகம். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழரை இரவோடிரவாக எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபிறகுதான் அது நின்றது. அதற்கு முந்தியும், எங்கே தங்கினாலும் பொலிஸில் பதிவு, அடையாள அட்டை, "என்ன அலுவலாக வந்தாய்?" என்ற கேள்வி. "கதை எழுதப் பழக வந்தேன்" என்று அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

இப்போது அப்படி இல்லை, தெரியும். போய்வா பிள்ளை. பட்டறையில் எனக்கு நம்பிக்கை இல்லை, பயணத்தில் உண்டு.

மூதூர்_நானா

ஐயா பச்சைக்கொடி காட்டிவிட்டார். திகதி குறித்து வையுங்கள்.

அலஸ்தோட்டத்தாள்

போய் வந்துவிட்டேன். இங்கே இவ்வளவு பேர் சொல்லித்தந்ததால் நீட்டியே எழுதுகிறேன்.

வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைக்குள். கரையோர ரயில் போகிற ஒவ்வொரு முறையும் யன்னல் கண்ணாடி அதிரும். சாப்பாடு நல்லம். பெண்களுக்கு மேல்மாடி, ஆண்களுக்குக் கீழே. ஹற்றன், மன்னார், புத்தளம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஊருக்கொருவராகத் தெரிந்தெடுத்திருந்தார்கள், கொழும்பிலிருந்து இரண்டு பேர். முதல் நாள் இரவு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றவர் கதையை வாசித்துவிட்டு ஓரத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், அதுதான் காரணம்.

ஒரு கதைக்கு நாற்பது நிமிடம். ஆளுக்கு நான்கு நிமிடம், கைபேசியில் மணி வைத்துவிடுவார்கள். மணி அடித்தால் பாதி வசனத்திலும் நிறுத்தவேண்டும். ஒருவர் யாருடைய கதையை எடுத்தாலும் "இதை நாவலாக்குங்கள்" என்றார், அவருக்கு மணி பெரிய உபகாரம், எங்களுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் சுற்று. "நல்லாயிருக்கு", "பிடிக்கவில்லை" இரண்டையும் சொல்லக்கூடாது. கதையில் என்ன நடந்தது என்று மட்டும் ஒரே வசனத்தில் சொல்லவேண்டும். லேசு என்று நினைப்பீர்கள். ஹற்றன் தம்பியின் கதையில் ஒரு தோட்ட லயத்து அப்பாயி கடைசிப் பக்கத்தில் கட்டிலில் திரும்பிப் படுக்கிறார். நான்கு பேர் அப்பாயி செத்துவிட்டார் என்றோம். மூன்று பேர் இல்லை, பேரனோடு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார் என்றார்கள். தம்பி வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார், காது சிவந்துவிட்டது. கடைசியில் அவருக்கு அனுமதி வந்ததும் முதல் வார்த்தை, "அவ நித்திரைங்க அக்கா!"

என் கதைக்கு வருகிறேன். கன்னியாவில் ஒரு அந்தியேட்டி. இரண்டு சகோதரிகள், தகப்பனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை முடித்துவிட்டு வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கிறார்கள். ஏழு கிணற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் என்பது நம் ஊரவர்களுக்குத் தெரியும். இளையவள் ஒவ்வொரு கிணற்றிலும் வாளியை விட்டு, முழங்கையை நனைத்துப் பார்த்து, அக்காவுக்குத் தாங்கக்கூடிய சூட்டைத் தேடுகிறாள். கதை அவ்வளவுதான்.

எல்லோரிடமும் என் கதைப் பிரதி இருந்தது. வாசிக்கும்போது எந்த இடத்தில் மனம் கதையை விட்டு வெளியே போனதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். ஐந்தில் ஒரே பந்தியின் ஓரத்தில் கோடு. கன்னியா எங்கே இருக்கிறது, இராவணன் தாய்க்குக் கடன் செய்ததாக ஐதீகம், கிணறுகள் எப்படி வந்தன என்று விளக்குகிற பந்தி. அது என் முதல் பிரதியில் இருக்கவே இல்லை. முன்பு ஒரு பத்திரிகையில் "வெளி மாவட்டத்து வாசகருக்கு விளங்காது" என்று கேட்டதால் சேர்த்தது. இப்போது வெளி மாவட்டத்து வாசகர் ஐந்து பேர், அந்தப் பந்தியில்தான் கொட்டாவி விட்டிருக்கிறார்கள்! வாளியும் முழங்கையும் வந்த இடத்தில் யாரும் கோடு போடவில்லை. அங்கே மன்னார் அக்கா "தண்ணி சுடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒருவர் சொன்னால் அது அவருடைய ருசி. ஒருவரையொருவர் தெரியாத ஐந்து பேர், ஐந்து ஊரில் இருந்துகொண்டு, ஒரே இடத்தில் கோடு போட்டால் அது ருசி இல்லை. வீட்டில் எத்தனை தரம் திரும்ப வாசித்தாலும் இது எனக்குக் கிடைத்திராது. கட்டணம் அந்த ஐந்து கோட்டுக்கே சரி.

இனி மற்றப் பக்கம். "தகப்பன் எப்படிச் செத்தார்?" என்று நான்கு பேர் கேட்டார்கள். கதையில் அதை நான் சொல்லவில்லை, சொல்லும் எண்ணமும் இல்லை. கொழும்பு அண்ணா ஒருவர், "கிழக்கிலிருந்து கதை வந்தால் நாங்கள் யுத்தத்தை எதிர்பார்ப்போம்தானே" என்றார். கெட்ட எண்ணமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வாய் திறக்க முடியாது. மட்டுநகர் அக்கா சொன்ன பாரம் என்னவென்று அப்போது தெரிந்தது. மன்னார் அக்காவின் முறை வந்ததும், "அந்தியேட்டி வீட்டுக்குப் போனால் எங்கட பக்கத்தில் எப்படி என்று ஒருத்தரும் கேட்கமாட்டினம். நீங்கள் ஏன் கேட்கிறீங்கள்?" என்றார். நாவல் அண்ணாகூட அமைதியாகிவிட்டார்.

கடைசிப் பத்து நிமிடம் எழுதியவர் கேட்கலாம் என்ற யோசனையை முதல் நாளே நடத்துநரிடம் சொல்லியிருந்தேன், ஒத்துக்கொண்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "காரணம் தெரியாததால் கதையை விட்டுவிட நினைத்தீர்களா, அல்லது தெரியாமலே கடைசி வரை வந்தீர்களா?" எல்லோரும் கடைசி வரை வந்திருந்தார்கள். அப்படியென்றால் அது அப்படியே இருக்கட்டும். விளக்கப் பந்தியை வெட்டிவிட்டேன், தகப்பனைத் தொடவில்லை.

மட்டுநகர்_வாசகி

அந்தக் கேள்வி அருமை. "பிடித்ததா" என்று கேட்டிருந்தால் ஏழு விதமான மரியாதைதான் கிடைத்திருக்கும்.

யுத்தம் பற்றியது தனியாக ஒரு இழை போட்டுப் பேசவேண்டிய விஷயம். எங்களிடம் துக்கத்தை எதிர்பார்க்கிறார்கள், சரி, துக்கத்துக்குக் காரணச் சீட்டும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதே ஆட்கள் கொழும்புக் கதையில் ஒருவர் இறந்தால் மரணச் சான்றிதழ் கேட்பதில்லை.

உவர்மலை_ஓய்வூதியர்

பென்சில் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் முதல் ஆட்சேபணை அப்படியே நிற்கிறது. கோடு விழுந்த இடமெல்லாம் வெட்டவேண்டும் என்றில்லை. வாசகனுக்கு அலுத்தாலும் எழுதியவனுக்கு வேண்டிய பந்தி என்று ஒன்று உண்டு. எட்டுப் பேரும் மாறி மாறி வெட்டிக்கொண்டு போனால் எல்லோருடைய கதையும் ஒரே அளவில் வந்து நிற்கும்.

மூதூர்_நானா

அதில் ஐயாவோடு நான் நிற்கிறேன். பட்டறைக்குப் போய்வந்தவர்களுடைய கதைகளைக் கொஞ்சக் காலமாகக் கவனிக்கிறேன். முதல் வரியில் யாராவது ஒருவர் எதையாவது திறக்கிறார், கதவோ கடிதமோ. கடைசி வரியில் எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள். மலைநாட்டுக் கதையில்கூட ஒருவர் எப்படியோ கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டார். தங்கச்சி, உங்கள் கதையில் கடல் இல்லைதானே?

அலஸ்தோட்டத்தாள்

கன்னியாவில் எங்கே நானா கடல்? தப்பித்தேன்.

ஐயா, வெட்டியது நான்தான், அவர்கள் கோடு மட்டும்தான் போட்டார்கள். தகப்பன் விஷயத்தில் நான்கு பேர் கேட்டும் கொடுக்கவில்லையே.

நான் இங்கே திரும்ப வந்தது வேறு ஒரு காரியத்துக்கு. கொழும்பு வீட்டில் நடந்ததில் எது கொழும்பில் மட்டும்தான் கிடைக்கும் என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். அறியாத ஊர்க்காரர் வாசித்தது, அது இங்கே கிடைக்காது. மற்றதெல்லாம், கதையை முன்கூட்டி வாசிப்பது, கோடு, மணி, முதல் சுற்று வசனம், இதற்கு ஒரு மேசையும் ஆறு பேரும் போதும். இங்கேயே மாதம் ஒருமுறை கூடினால் என்ன? வருடத்துக்கு ஒரு தடவை மன்னார் அக்காவையோ ஹற்றன் தம்பியையோ கூப்பிடலாம், அவர்கள் வரத் தயார் என்றார்கள். தம்பி கடல் பார்த்ததே குறைவு, நானா கவனிக்கவும்.

சீனக்குடா_சந்தி

நான் வருகிறேன். கதை இல்லை, கோடு போடுவதற்கு. இலக்கியம் தெரியாதவன் ஒருவனும் மேசையில் இருக்கவேண்டும்.

எந்த நாள்? வெள்ளி ஜும்மா, நானாவுக்குச் சரிவராது. சனி முழுக்க ரியூசன். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, அக்காவே படிப்பிக்கிறார்.

மூதூர்_நானா

போயா நாள் வைப்போம். மாதத்துக்கு ஒரு பௌர்ணமி நிச்சயம், எல்லோருக்கும் லீவு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு மூதூரிலிருந்து வர எனக்குச் சொல்லவும் சாக்கு இல்லை. முன்பென்றால் லோஞ்ச் படகைச் சொல்லித் தப்பலாம்.

இடம் பொது நூலகமா?

சீனக்குடா_சந்தி

போயாவுக்கு நூலகம் பூட்டு நானா.

உவர்மலை_ஓய்வூதியர்

என் வீட்டு விறாந்தை பெரியது. மேசை உண்டு, பிளாஸ்ரிக் கதிரைகள் எட்டு உண்டு. நாய் கட்டியிருக்கும். பிளேன்ரி தரலாம், மத்தியானச் சாப்பாடு அவரவர் பொறுப்பு. விளக்கேற்றல் இல்லை.

கைபேசியில் மணி அடிப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். சுவரில் மணிக்கூடு இருக்கிறது, அதைப் பார்த்துப் பேசினால் போதும்.

அலஸ்தோட்டத்தாள்

ஐயா, மணி இல்லாவிட்டால் உங்களைத்தான் நிறுத்த முடியாது! மற்றபடி இடம் முடிவு. கதை 2000 சொல்லுக்குள், போயாவுக்குப் பத்து நாள் முந்தி எல்லோர் கையிலும் இருக்கவேண்டும். முதல் தடவை இரண்டு கதை மட்டும் எடுப்போம், நாற்பது நிமிடம் என்றது ஒன்றரை மணித்தியாலமாக இழுக்கும் என்று எனக்குத் தெரியும். யார் கதை தருகிறீர்கள்?

மூதூர்_நானா

ஒன்று என்னுடையது. பைக்குள்ளேயே இருக்கிறது.

உவர்மலை_ஓய்வூதியர்

மற்றது என்னிடம் ஒன்று உண்டு. கையெழுத்தில் இருக்கிறது, 64 பக்கம்.

சீனக்குடா_சந்தி

நான் வந்து தட்டித்தருகிறேன் ஐயா, யுனிகோடில். ஆனால் 2000 சொல் என்று அக்கா சொன்னதை வாசித்தீர்கள்தானே?

உவர்மலை_ஓய்வூதியர்

வாசித்தேன். முதல் ஏழு பக்கத்தைத் தட்டும். மிச்சத்தை அடுத்த போயாவுக்குப் பார்க்கலாம்.